மலையகத்தில் வரித் தொழில்: மாறிவரும் சட்டமும் வேலைமுறையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை, நாவலப்பிட்டி பக்கங்களில் கணக்கு எழுதி வரிக் கோப்பு பார்ப்பவர்களுக்காகவும், அந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் இளையவர்களுக்காகவும் எழுதப்பட்ட பக்கம் இது. வேறு ஆண்டு குறிப்பிடாத இடங்களில் உள்ள வீதங்களும் எல்லைகளும் 2025/26 மதிப்பீட்டு ஆண்டுக்கானவை, அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை.

நவம்பர் மாதத்தில் விவரத்திரட்டு (ஆண்டு வருமான வரி அறிக்கை) நிரப்பிக் கொடுத்தே இத்தனை காலம் தொழில் ஓடியது. இனி ஏன் அது போதாது?

நவம்பர் வரும்போது வாடிக்கையாளரைப் பற்றிய தகவலில் பெரும்பகுதி ஏற்கெனவே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. வங்கி வட்டியில் பிடித்த வரி, தொழில்கொடுநர் சம்பளத்தில் கழித்த முற்பண தனிநபர் வருமான வரி, நிறுவனங்கள் சேவைக் கட்டணத்தில் கழித்த 5% எல்லாம் டின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கத்தின் கீழ் பதிவாகின்றன. நீங்கள் எழுதும் தொகை அவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். வரியை உண்மையில் கூட்டுவதும் குறைப்பதும் ஆண்டுக்குள் எடுக்கும் முடிவுகள்தான்: எப்போது பதிவு செய்வது, எந்தக் கணக்கில் பணத்தை வாங்குவது, எந்தச் செலவுக்குப் பற்றுச்சீட்டு எடுப்பது. மார்ச் 31 முடிந்த பிறகு இவற்றில் எதையும் திருத்த முடியாது.

ஆகவே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நாட்குறிப்பு தேவை. தனிநபர் வருமான வரித் தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய நாட்களில் வருகின்றன. அந்த ஆண்டு வரியை முன்கூட்டியே கணித்துக் கொடுக்கும் மதிப்பிட்ட வரிக்கூற்றும் ஆகஸ்ட் 15இல்தான். மீதி வரி செப்டெம்பர் 30, விவரத்திரட்டு நவம்பர் 30. ஆட்களை வைத்து வேலை வாங்குபவரானால் சம்பளத்தில் கழித்த வரியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் கட்ட வேண்டும். வற் (பெறுமதி சேர் வரி) பதிவுள்ளவருக்கு மாதந்தோறும் 20ஆம் திகதி.

நாளைத் தவறவிட்டால் என்ன நடக்கும் என்பதை எண்ணிலேயே காட்டிவிடுங்கள். விவரத்திரட்டுத் தாமதத்துக்கான தண்டப்பணம், செலுத்த வேண்டிய வரியின் 5%உம் மாதத்துக்கு 1%உம், அல்லது 50,000 ரூபாயும் மாதத்துக்கு 10,000 ரூபாயும், இவற்றில் எது பெரிதோ அது. உச்சம் 400,000 ரூபாய். 96,000 ரூபாய் மட்டுமே வரி உள்ளவர் ஜனவரி கடைசியில் கொடுத்தால் முதல் கணக்கில் 6,720 ரூபாய், இரண்டாவது கணக்கில் 70,000 ரூபாய். அவருக்கு விதிக்கக்கூடியது 70,000. சிறிய வாடிக்கையாளரைத்தான் இந்த விதி அதிகம் நோகடிக்கிறது. அவர்கள்தான் மலையகத்தில் நமது பெரும்பான்மை.

வீதங்கள் அடிக்கடி மாறுகின்றன. எப்படி நினைவில் வைப்பது?

நினைவை நம்பவே வேண்டாம். திகதி வாரியாக ஒரு தாள் வைத்திருங்கள். முதல் நிரலில் நடைமுறைக்கு வந்த திகதி, அடுத்ததில் வீதம், மூன்றாவதில் அதற்கு ஆதாரமான சட்ட இலக்கம். வற் வரியை மட்டும் பாருங்கள்: 2019 டிசம்பர் 1இல் 8%, 2022 ஜூன் 1இல் 12%, 2022 செப்டெம்பர் 1இல் 15%, 2024 ஜனவரி 1இல் 18%. பழைய காலாண்டு ஒன்றைத் திருத்தும்போது இன்றைய வீதத்தைப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை.

வருமான வரியில் இன்னும் கவனம் தேவை. 2022/23 மதிப்பீட்டு ஆண்டு இரண்டாகப் பிளந்து கணக்கிடப்பட்டது: 2022 டிசம்பர் 31 வரை பழைய நிவாரணமும் (வரி இல்லாமல் விடப்படும் தொகை) வீதங்களும், 2023 ஜனவரி 1 முதல் புதியவை. அந்த ஆண்டுக் கோப்பு ஒன்று மீளாய்வுக்கு வந்தால் மொத்த வருமானத்தையும் ஒரே அட்டவணையில் போட்டுக் கணக்கிடக் கூடாது.

வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த உடனேயே வாடிக்கையாளரின் கணக்கை மாற்றிவிடலாமா?

முன்மொழிவு, சட்டமூலம், சபாநாயகரின் சான்றுரை பெற்ற சட்டம் மூன்றும் வேறு வேறு. சில மாற்றங்களைச் சட்டம் வருமுன்பே திணைக்களம் அறிவித்தல் மூலம் நடைமுறைப்படுத்துவதும் உண்டு. 2020 ஜனவரி முதல் நடந்த பல வருமான வரி மாற்றங்களுக்கான திருத்தச் சட்டம் 2021 மே மாதத்தில்தான் வந்தது. அதனால் தாளில் "அறிவித்தல்" என்றும் "சட்டம்" என்றும் இரண்டு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, வற் பதிவு எல்லையை ஆண்டுக்கு 60 மில்லியனிலிருந்து 36 மில்லியனுக்கு 2026 ஏப்ரல் முதல் குறைப்பது 2026 வரவுசெலவுத் திட்டத்தின் முன்மொழிவு. வாடிக்கையாளரிடம் முன்மொழிவைச் சொல்லித் தயார்ப்படுத்தலாம், தயார்ப்படுத்தவும் வேண்டும். ஆனால் அவருக்கு எழுத்தில் ஆலோசனை கொடுக்கும் அன்று சட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டே கொடுங்கள்.

2025 ஏப்ரலில் வந்த தனிநபர் மாற்றம் ஒருவருக்கு எவ்வளவு வித்தியாசம் தரும்?

ஹட்டனில் தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவருக்குச் செலவு போக 3,000,000 ரூபாய் இலாபம் என்று வைப்போம்.

2024/25இல் நிவாரணம் 1,200,000. மீதி 1,800,000. 500,000 வீதம் 6%, 12%, 18% என்று மூன்று படிகளுக்கு 180,000 ரூபாய், எஞ்சிய 300,000க்கு 24% வீதம் 72,000. மொத்தம் 252,000.

2025/26இல் நிவாரணம் 1,800,000. மீதி 1,200,000. முதல் மில்லியனுக்கு 6% வீதம் 60,000, அடுத்த 200,000க்கு 18% வீதம் 36,000. மொத்தம் 96,000. தவணை ஒன்றுக்கு 24,000.

போன ஆண்டுத் தவணையையே பார்த்து 63,000 கட்டிக்கொண்டிருப்பவரின் பணம் வீணாக முடங்குகிறது. அதை ஆகஸ்ட்டில் மதிப்பிட்ட வரிக்கூற்றிலேயே சரிசெய்யுங்கள். அவர் ஏதாவது கல்வி நிலையத்திடம் மாதம் 100,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கினால் 5% பிடித்திருப்பார்கள். அந்தச் சான்றிதழைக் கையில் வாங்கி வைத்தால்தான் 96,000இல் கழிக்க முடியும். சான்றிதழ் தராமல் இழுத்தடிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. ஏப்ரலிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

தோட்டத்தில் ஓய்வுபெற்றவர்கள் நம்மிடம் வரி வேலைக்காக வருவதில்லையே. அவர்களுக்கு நாம் என்ன செய்ய முடியும்?

மலையகத்தில் வரித் தொழில் செய்பவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் ஊழியர் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் எடுத்து வங்கியில் நிலையான வைப்பில் போடுகிறார். 2025 ஏப்ரல் 1 முதல் வட்டியில் 10% பிடிக்கப்படுகிறது; அதற்கு முன் 5%. 2,000,000 ரூபாய் வைப்புக்கு ஆண்டு வட்டி 8% என்று வைத்தால் 160,000 ரூபாய், அதில் 16,000 ரூபாய் போய்விடும். அவருடைய மொத்த வருமானமோ 1,800,000க்குக் கிட்டவும் இல்லை. அவர் ஒரு சதமும் வரி கட்ட வேண்டியவரல்லர்.

இதைத் தடுக்க வழி இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,800,000 ரூபாய்க்கு மேற்படாத இலங்கையர் வங்கியிடம் சுயவெளிப்படுத்தல் கொடுத்தால் வங்கி பிடிக்காது. வேலையைப் படிப்படியாகச் சொன்னால்: முதலில் டின் இலக்கம் எடுக்க வேண்டும். பிறகு வெளிப்படுத்தல் படிவத்தில் டின், அடையாள அட்டை இலக்கம், எதிர்பார்க்கும் வருமானம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு, வைப்பு இருக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். வெளிப்படுத்தல் ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்குத்தான் செல்லும். ஏப்ரலில் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். கூட்டுக் கணக்கில் ஒருவர் மட்டும் படிவம் கொடுப்பது. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறொரு எழுத்து என்று பெயர் இருப்பது. தோட்டப் பதிவுகளில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெயர் மாறி எழுதப்பட்டதால் இது சாதாரணம். மூன்றாவது, டின் எடுத்தால் வரி கட்ட வேண்டி வரும் என்ற பயம். டின் என்பது இலக்கம் மட்டுமே. வரிப் பொறுப்பை வருமானம்தான் தீர்மானிக்கிறது. இதை மூன்று தடவை கேட்டாலும் மூன்று தடவையும் பொறுமையாகச் சொல்லுங்கள், அம்மாவோ ஐயாவோ வாழ்நாள் சேமிப்பைப் பற்றிக் கேட்கிறார். ஏற்கெனவே பிடித்துவிட்டிருந்தால் விவரத்திரட்டு மூலம் மீளக் கோரலாம்; ஆனால் 16,000 ரூபாய்க்காக அந்த வழியில் போவதைவிட ஏப்ரலில் ஒரு படிவம் கொடுப்பது எவ்வளவோ இலகு.

கொழுந்து விற்கும் சிறுதோட்டக்காரருக்கு என்ன மாறியிருக்கிறது?

பதப்படுத்தாமல் விற்கும் விவசாய விளைச்சலின் இலாபத்துக்கு 2019 ஏப்ரல் 1இலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு வருமான வரி விலக்கு இருந்தது. "கொழுந்துக்கு வரி இல்லை" என்று அந்தக் காலத்தில் கேட்டதையே பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விலக்குக் காலத்தைக் கணக்கில் எடுத்து, 2024 ஏப்ரலுக்குப் பிந்திய வருமானத்தைத் தனியாகப் பாருங்கள்.

அடுத்தது, தொழிற்சாலை தரும் மாதாந்தச் சீட்டைப் படிக்கும் முறை. கொழுந்தின் பெறுமதி 180,000. உரம் 32,000, லொறிக் கூலி 9,000, முற்பணம் 40,000 கழித்து வங்கியில் விழுவது 99,000 என்று வைப்போம். வருமானம் 99,000 என்று எழுதுவது பிழை. வருமானம் 180,000. உரமும் லொறியும் சேர்ந்து 41,000 செலவு. முற்பணம் செலவே அல்ல, ஏற்கெனவே கையில் வாங்கிய வருமானம். முற்பணத்தைச் செலவில் சேர்த்துவிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை மில்லியன் ரூபாய் கணக்கிலிருந்து காணாமல் போகும், தொழிற்சாலையின் பதிவில் மட்டும் நிற்கும்.

பறிகூலி பணமாகக் கொடுக்கப்படுவதால் சான்று இருப்பதில்லை. ஒரு பயிற்சிப் புத்தகம் போதும்: நாள், பெயர், அடையாள அட்டை இலக்கம், கிலோ, கிலோவுக்கான கூலி, கையொப்பம். அந்தக் கிலோ எண்ணிக்கை தொழிற்சாலைச் சீட்டின் நிறையோடு ஓரளவு ஒத்துப்போக வேண்டும்; நீர்க் கழிவு போன வித்தியாசத்தை விளக்கலாம், இரட்டிப்பாக இருந்தால் விளக்க முடியாது.

தனியாகப் பார்த்தால் எல்லைக்குள் இருக்கும் வருமானங்கள் சேரும்போது தாண்டிவிடும். பாடசாலை ஆசிரியரின் சம்பளம் ஆண்டுக்கு 1,200,000, இரண்டு ஏக்கர் தேயிலையில் நிகர இலாபம் 1,000,000 என்றால் மொத்தம் 2,200,000. வரிக்குரியது 400,000, வரி 24,000. சம்பளம் மாதம் 150,000க்குக் கீழ் இருப்பதால் அலுவலகத்தில் எதுவும் கழித்திருக்க மாட்டார்கள். "எனக்கு வரி வராது" என்று அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

நுவரெலியா, எல்ல பக்கங்களில் விடுதி நடத்துபவர்கள் எங்கே அகப்பட்டுக்கொள்கிறார்கள்?

ஏப்ரல் வசந்த காலத்தில். வற் பதிவு எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் என்பதை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். மூன்று மாதக் காலத்துக்கு 15 மில்லியன் என்ற இரண்டாவது எல்லையைப் பலர் பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் 42 மில்லியன்தான் வியாபாரம், ஆனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை 15.8 மில்லியன் வந்துவிட்டது என்றால் பதிவுப் பொறுப்பு வந்துவிடுகிறது. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரிக்கும் இதே காலாண்டுக் கணக்கு உண்டு. அதன் வீதம் 2.5%.

கவனிக்காமல் போனால், அடுத்த காலாண்டில் 10 மில்லியனுக்கு வற் சேர்க்காமல் பில் போடுவார்கள். திணைக்களம் பின்னர் கண்டுபிடிக்கும்போது 18% என்பது 1.8 மில்லியன். விருந்தினர் ஊருக்குப் போய்விட்டார். விடுதிக்காரரின் கையிலிருந்துதான் போகும். பதிவில்லாத காலத்துக் கொள்வனவுகளுக்கு முறையான வரி விலைப்பட்டியல் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பதால் உள்ளீட்டு வரியை (கொள்வனவில் கட்டிய வற்) கழிப்பதும் சிரமம். ஏப்ரல் இறுதியில், மே நடுவில், ஜூன் முதல் வாரத்தில் என்று மூன்று தடவை அந்தக் காலாண்டின் கூட்டுத்தொகையைப் பாருங்கள்.

இன்னொரு பொறி, இணைய முன்பதிவுத் தளங்கள். அறை 25,000, தளம் 15% தரகாக 3,750 எடுத்து 21,250 அனுப்புகிறது. புரள்வு (மொத்த வியாபாரத் தொகை) 25,000தான், தரகு செலவு. வங்கிக் கூற்றை மட்டும் வைத்துக் கணக்கு எழுதினால் எல்லையைத் தாண்டியதே தெரியாது. தளத்திலிருந்து மாதாந்த அறிக்கையை இறக்கி எடுங்கள்.

பதிவு செய்த பின் கொள்வனவு அட்டவணையில் வழங்குநரின் வற் இலக்கத்தைச் சரிபாருங்கள். ஒன்பது இலக்க டின்னும் அதன் பின்னால் 7000உம் வர வேண்டும். ஒரு இலக்கம் பிழைத்தாலும் அந்த விலைப்பட்டியலின் உள்ளீட்டு வரி நிராகரிக்கப்படலாம்.

வீட்டிலிருந்தே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு எந்த வீதம்?

2025 ஏப்ரல் 1 முதல் இந்த வருமானத்துக்கு வரி உண்டு. உச்ச வீதம் 15%. சேவை இலங்கைக்கு வெளியே பயன்பட வேண்டும், பணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே நாட்டுக்குள் வர வேண்டும். 5,000,000 ரூபாய் நிகர வருமானத்தில் நிவாரணம் போக 3,200,000; முதல் மில்லியனுக்கு 60,000, மீதி 2,200,000க்கு 15% வீதம் 330,000. மொத்தம் 390,000. அதே தொகை உள்ளூர் வருமானமானால் 672,000. வித்தியாசம் 282,000.

வங்கி வழியே வராத பணத்துக்கு இந்தச் சலுகையைக் காட்ட முடியாது. நண்பரின் கணக்கில் வாங்கிக் கையில் எடுப்பவர்களிடம் இந்த வித்தியாசத்தை எழுதிக் காட்டினால் அன்றே கணக்குத் திறப்பார்கள்.

திணைக்களத்தின் இணைய வரி முறைமையான ரமிஸ் கணக்கில் நுழைய முடியவில்லை என்று பலர் வருகிறார்கள். ஏன்?

டின் எடுக்கும்போது கொமினிகேஷன் கடைக்காரரின் மின்னஞ்சலும் தொலைபேசி இலக்கமும் பதிவாகியிருக்கும். கடை மூடிவிட்டது, இலக்கமும் போய்விட்டது, கடவுச்சொல் மீட்புச் செய்தி எங்கோ போகிறது. முதலில் தொடர்பு விவரங்களைத் திணைக்களத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். அடையாள அட்டையுடன் வாடிக்கையாளரே போவது விரைவானது. உங்கள் சொந்த மின்னஞ்சலை ஒருபோதும் போடாதீர்கள். நாளை அவர் வேறொருவரிடம் போக விரும்பினால் அவருடைய கோப்பு அவரிடமே இருக்க வேண்டும்.

மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால்?

நிர்வாக மீளாய்வைக் கேட்க 30 நாள். லயன் முகவரிக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து கைக்கு வரும்போது அதில் பாதி போயிருக்கும். அஞ்சல் முத்திரையுள்ள உறையை எறியாமல் கோப்பில் வையுங்கள். வாடிக்கையாளருக்கு நகரத்தில் நம்பகமான தபால் முகவரி இருந்தால் அதைப் பதிவு செய்யுங்கள். மீளாய்வுக் கடிதத்தில் "வரி அதிகம்" என்று மட்டும் எழுதாமல், எந்தத் தொகை, ஏன் பிழை, எந்த ஆவணம் அதைக் காட்டுகிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அந்த முடிவும் பாதகமானால் வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது.

பில்களைக் காகிதமாகவே வைத்தால் போதாதா?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையக மாவட்டங்களில் மண்சரிவிலும் வெள்ளத்திலும் வீடுகளும் கடைகளும் போயின. கணக்குப் புத்தகம் மட்டும் தப்புமா? பதிவுகளை ஐந்து ஆண்டுகளாவது பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். மாதம் ஒருமுறை கைத்தொலைபேசியில் படம் எடுத்து, "ஆண்டு, மாதம், கடை, தொகை" என்று பெயரிட்டு, இணையச் சேமிப்பில் ஏற்றுங்கள். வெப்பத்தாள் பில்கள் எழுத்து மங்கிவிடும். மலைநாட்டு ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும். வாங்கிய அன்றே படம் எடுப்பது சிறந்தது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டு வேலை பார்க்கலாமா?

கடிதத்தை ஒழுங்குபடுத்த, அட்டவணை அமைக்க, நீண்ட அறிவித்தலைச் சுருக்கிப் பார்க்கப் பயன்படும். வீதத்துக்கும் திகதிக்கும் நம்பாதீர்கள். தமிழில் கேட்டால் இந்தியச் சட்டத்தைக் கலந்து ஜி.எஸ்.டி., பான் அட்டை என்று பதில் வரக்கூடும். இலங்கை என்று அழுத்திக் கேட்டாலும் பழைய 1,200,000 நிவாரணத்தைச் சொல்லக்கூடும். ஒவ்வொரு எண்ணையும் உங்கள் திகதித் தாளோடு ஒப்பிடுங்கள். வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கூற்று, டின் ஆகியவற்றை அப்படியே ஒட்டக் கூடாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தொழிலையும் தொடுகிறது.

கட்டணத்தை எப்படி மாற்றுவது?

விவரத்திரட்டுக்கு ஒரு தொகை என்பதைவிட மாதக் கட்டணமே இன்றைய வேலைக்குப் பொருத்தம். என்னென்ன செய்வீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: மாத முடிவுக் கணக்கு, காலாண்டு எல்லைச் சோதனை, தவணை நினைவூட்டல், விவரத்திரட்டு. குறைத்துத் தந்த வரியில் பங்கு என்று கேட்காதீர்கள். அது உங்கள் மதிப்பீட்டைக் கெடுக்கும். ஓய்வுபெற்ற தொழிலாளரின் சுயவெளிப்படுத்தலுக்கு வாங்கும் தொகை, அவர் அதனால் மிச்சப்படுத்துவதில் மிகச் சிறிய பகுதியாக இருக்கட்டும்.

தகுதிப் பரீட்சை அவசியமா?

கணக்கியல் தொழில்நுட்பவியலாளருக்கான ஏ.ஏ.டி. பரீட்சையில் தொடங்கி இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளுக்குப் போவது நல்ல வழி. கணக்காய்வு அறிக்கையில் கையொப்பமிட உரிய அங்கத்துவம் கட்டாயம். அது இல்லாதவர் கணக்குத் தயாரிக்கலாம், தரவு ஒழுங்குபடுத்தலாம். கையொப்பத்துக்கு அங்கத்துவம் உள்ளவரோடு எழுத்திலான உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழில் பதில் எழுதலாமா?

எழுதலாம். தமிழும் அரச கரும மொழி. கோப்பு இலக்கம், டின், மதிப்பீட்டு ஆண்டு, கடிதத் திகதி ஆகியவற்றை முதல் வரியிலேயே எழுதுங்கள். 30 நாள் கெடு ஓடும் கடிதமானால் தமிழ்ப் பதிலோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கமும் இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டுங்கள்.